ஒரு கீறல் இல்லாமல்

நாத்தனார் போர்வையை இழுத்துத் தன் அண்ணனின் கால்களை மூடப் போனபோது அவள் அந்தக் கையைத் தட்டிவிட்டாள்.

"காலு தெரியட்டும்."

"அண்ணி, எல்லாரும் வர்ற நேரம்..."

"தெரியட்டும்னு சொன்னேன்ல."

நாத்தனார் ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டுப் போர்வையைக் கணுக்காலுக்கு மேலேயே விட்டாள். அதிர்ச்சியில் அண்ணிக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்று நினைத்திருக்கலாம். நினைத்துக்கொள்ளட்டும். ஹாலுக்கு இழுத்துப் போட்ட கட்டிலில் கணவரின் இரண்டு பாதங்களும் சேர்ந்து நேராக இருந்தன. பத்து விரல்களும் இருந்தன. பழைய தழும்புகளைக் கணக்கில் சேர்க்காவிட்டால் ஒரு கீறல் இல்லை. கல்யாணமான புதிதிலிருந்தே, இந்த மனிதரை இப்படி முழுசாக வைத்து அழக் கொடுத்துவைக்காது என்றுதான் அவள் நம்பியிருந்தாள்.

முந்தின நாள் மத்தியானம் வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டு, "சாயங்காலம் எழுப்பு, வண்டிக்கு ஆயில் மாத்தணும்" என்று சொல்லிப் படுத்தவர். காபியோடு போய் எழுப்பினாள். ஃபேன் ஓடிக்கொண்டிருந்தது. தோளைத் தொட்டதுமே தெரிந்துவிட்டது. டம்ளரை மேஜைமேல் வைத்தாள்; சிந்தாமல்தான் வைத்தாள். அப்புறம் வாயிலிருந்து ஒரு சொல் வந்தது.

"அப்பாடா."

அறையில் வேறு யாரும் இல்லை. ஆனாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். பிறகு மகனுக்குப் போன், டாக்டர், சொந்தக்காரர்கள் என்று எல்லாம் நடந்தது. அழுகை மட்டும் வரவில்லை. வந்ததெல்லாம் அந்தச் சொல்தான். ஒவ்வொரு முறையும் தொண்டை வரைக்கும் வந்து நின்றது. யார் தோளிலாவது சாய்ந்தால் அது வெளியே விழுந்துவிடும் என்று பயந்து அவள் யார் தோளிலும் சாயவில்லை.

ரோட்டில் போகவில்லை. யாரோ முன்பின் தெரியாதவன் அவர் சட்டைப்பையைத் துழாவி வீட்டு நம்பரைத் தேடவில்லை. தன் கட்டிலில், தன் தலையணையில் போயிருக்கிறார். போகத்தான் வேண்டும் என்றால் இதைவிட நல்லபடியாக எப்படிப் போவது? அவளுக்கு நிம்மதியாக இருந்தது. இவ்வளவு நிம்மதி இந்த ஹாலில் ஆகாது என்பதும் தெரிந்திருந்தது. அதனால் தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்திருந்தாள்.

தெருமுனையில் மோட்டார் சைக்கிள்கள் திரும்பும் சத்தம் கேட்டது. அவள் காது பழக்கதோஷத்தில் அந்தச் சத்தங்களுக்குள் அவருடைய வண்டி எது என்று தேடிவிட்டு ஓய்ந்தது.

அவரோடு பழைய வண்டிகளில் ஊர் சுற்றும் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டாளிகள் வந்துவிட்டார்கள். பேக்கரிக்காரர்தான் முதலில் உள்ளே வந்தார். ஆள் பீரோ சைஸ். கட்டிலைப் பார்த்ததும் குழந்தை மாதிரி கேவினார்.

"செகண்ட்ஹேண்டு! போயிட்டியேடா செகண்ட்ஹேண்டு!"

நாத்தனார் திடுக்கிட்டு, "யாரைச் சொல்றாரு?" என்று அவள் காதில் கேட்டாள்.

"உங்கண்ணனைத்தான்."

வாழ்நாளில் ஒரு புது வண்டி வாங்காத மனிதர் அவர். "புது வண்டியில என்ன இருக்கு? அதுக்குன்னு ஒரு கதை வேணாமா?" என்பார். ஊரில் யார் எந்தக் கதையோடு எந்த வண்டியை விற்றாலும் அது நேராக இந்த வீட்டு வாசலில்தான் வந்து நிற்கும்.

பேக்கரிக்காரருக்குப் பின்னால் கண் டாக்டரும் மெக்கானிக்கும் வந்தார்கள். மூன்று பேரும் கட்டிலருகே கொஞ்ச நேரம் நின்றார்கள். பிறகு வெளியே போய், போர்டிகோவில் படுதா போட்டு மூடியிருந்த அவருடைய வண்டியைச் சுற்றி நாற்காலிகளைப் போட்டுக்கொண்டார்கள். அவள் உட்கார்ந்திருந்த இடம் ஜன்னலை ஒட்டியது. ஒரு பேச்சும் தவறாமல் உள்ளே வந்தது.

முதலில் துக்க வீட்டுப் பேச்சுதான் பேசினார்கள். நல்ல மனுஷன், இன்னும் பத்து வருஷம் இருந்திருக்கலாம், நேத்து முன்தினம்கூடப் பேசினேன். அந்தச் சரக்கு சீக்கிரம் தீர்ந்துபோனது. கண் டாக்டர் படுதாவின் ஓரத்தைத் தூக்கிப் பார்த்து, "இது அவனுக்கு எத்தனாவது?" என்று கேட்டாரோ இல்லையோ, மடை திறந்துகொண்டது.

"அந்த ஜீப்பைச் சேத்தா, இல்ல சேக்காமலா?" என்றார் பேக்கரிக்காரர்.

"எந்த ஜீப்பு?"

"ரிவர்ஸ் கியர் இல்லாத ஜீப்புய்யா! நிறுத்துறதுக்கு முன்னாடி, எப்படி வெளிய எடுக்கிறதுன்னு நின்னு யோசிப்பான். மேடாப் பார்த்து மூக்கை ஏத்தி நிறுத்துவான், பின்னாடி தானா உருளட்டும்னு. ஒரு தடவை தியேட்டர்ல சுவரைப் பார்த்து நிறுத்திட்டான். படம் விட்டதும் ரெண்டாவது ஆட்டத்துக்கு நின்ன கூட்டமே வந்து தள்ளுச்சு."

அவளுக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. அந்த ஜீப்புக்குள் கைப்பையால் முகத்தை மறைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது அவள்தான். மகன் அப்போது வயிற்றில்.

"என் சிவப்பு கார் மட்டும் என்ன? மழை வந்தா வெளியில இருக்கிறவன் தப்பிச்சான். எங்க வீட்டுக்காரி உள்ள குடை பிடிச்சுக்கிட்டு வருவா. சிக்னல்ல நிக்கிறவன்லாம் எட்டிப் பார்த்துச் சிரிப்பான்," என்றார் டாக்டர்.

"அதை ஏன் டாக்டர் அவ்வளவு வருஷம் வச்சிருந்தீங்க?"

"அதோட ஸ்டியரிங்கைப் பிடிச்சா கைக்குள்ள உக்காரும்யா. அந்த மாதிரி அப்புறம் ஒண்ணுகூட அமையல."

மெக்கானிக் அதிகம் பேசாதவர். அவரே தொண்டையைச் செருமிக்கொண்டார். "நான் அந்த ரெண்டு சிலிண்டர் பைக்கை வித்தேன்ல? மறுநாளே வாங்கினவர் வீட்டுப் பக்கம் போயி, காம்பவுண்டுக்கு வெளிய நின்னு பார்த்துட்டு வந்தேன். இன்னிக்கும் கடைக்கு அந்தத் தெரு வழியாத்தான் போறேன்."

"வண்டி இன்னும் அங்கயா இருக்கு?"

"வண்டியும் இல்ல, அவரும் இல்ல. இருந்தாலும் அந்த வழிதான்."

கேட்டுக்கொண்டிருந்த அவளுக்கு மூக்கின் ஓரம் உறுத்தியது. இந்த மூன்று கிறுக்கர்களும் அவள் கணவருக்காகத்தான் அழுகிறார்கள். அவர்களுக்கு அழத் தெரிந்த விதம் இது.

"மலை ரோட்டுல பிரேக் வயர் அந்துச்சே, அது எந்த வண்டி?" என்று பேக்கரிக்காரர் மறுபடி ஆரம்பித்தார். "எதுத்தாப்புல லாரி. முடிஞ்சுதுன்னு நான் கண்ணையே மூடிட்டேன். திறந்து பார்த்தா வண்டி மண் மேட்டுல, இவன் முள்ளுப் புதர்ல. ரத்தத்தோட எழுந்து வந்து என்ன கேட்டான் தெரியுமா? 'டேங்க்ல சொட்டை விழுந்துச்சாடா?'"

மூவரும் சிரித்தார்கள். டாக்டர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அன்னிக்கு இவன் வீட்டுக்கு யாரு போன் பண்ணது?" என்றார்.

"நான்தான். பங்சர், வர லேட்டாகும்னேன்."

"தோள்பட்டை எறங்கினப்பவும் பங்சர்."

"நான் வாய்க்கால்ல விழுந்ததுக்கும் எங்க வீட்டுக்குப் பங்சர்தானே சொன்னீங்க? யாரு விழுந்தாலும் வீட்டுக்குப் பங்சர். அதுதானே நம்ம சட்டம்!"

சொல்லிவிட்டுத்தான் பேக்கரிக்காரர் ஜன்னலைப் பார்த்தார். அவள் பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் நாக்கைக் கடித்துக்கொண்டார். டாக்டர் படுதாவைச் சரிசெய்ய ஆரம்பித்தார்.

அவளுக்கு இது புதுச் சேதி இல்லை. ஒரு மனிதரின் டயர் மட்டும் ஊரில் உள்ள ஆணியையெல்லாம் எப்படித் தேடிப் பிடிக்கும்? பங்சர் என்று போன் வந்தால் அவள் அடுப்பில் வெந்நீர் வைத்துவிட்டுப் பஞ்சையும் மருந்தையும் எடுத்து வைப்பாள். அவர் நொண்டிக்கொண்டு வந்து, "டயர் கழட்டும்போது வழுக்கிடுச்சு" என்பார். "அப்படியா," என்பாள். ஒரு நாளும் குடைந்து கேட்டதில்லை. பொய் சொல்லவாவது ஒருத்தர் கூப்பிடுகிறார் என்றால் ஆள் உயிரோடு இருக்கிறார் என்று அர்த்தம். அவள் பயந்ததெல்லாம், என்றைக்காவது ஒருத்தர் கூப்பிட்டுப் பங்சர் என்று சொல்லாமல் இருந்துவிடுவாரோ என்பதற்குத்தான். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் அந்தப் பயம். இனி அந்தப் போன் வராது.

மெக்கானிக்கின் மனைவி உள்ளே வந்து அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். கையைப் பிடித்துக்கொள்ளவில்லை, கட்டிலைத்தான் பார்த்தாள்.

"கட்டில்லயாக்கா?"

"ம்."

"தூக்கத்துலயேவா?"

"சாப்பிட்டுட்டுப் படுத்தாரு."

மெக்கானிக்கின் மனைவி போர்வைக்கு வெளியே தெரிந்த பாதங்களைப் பார்த்தாள். நிதானமாக, ஒன்று விடாமல் பார்த்தாள்.

"கொடுத்து வச்சவங்கக்கா நீங்க."

நாத்தனார் விருட்டென்று திரும்பி முறைத்தாள். அவளுக்கோ அப்போதுதான் முதல் தடவையாகக் கண்ணில் நீர் முட்டியது.

"நேத்து என் வாயில மொதல்ல என்ன வந்துச்சு தெரியுமா?" என்று மெதுவாகக் கேட்டாள்.

"தெரியும். இங்க சொல்லாதீங்க."

அவள் மெக்கானிக் மனைவியின் தோளில் சாய்ந்துகொண்டாள். உறவினர்களுக்கு அப்பாடா என்றிருந்தது, ஒருவழியாக அழுகிறாளே.

உடலை எடுத்துப்போக வேன் வந்தது. வெளியே பேச்சு மாறியதை அவள் கவனித்தாள். பேக்கரிக்காரர் மகனின் தோளில் கை போட்டுக்கொண்டு பேசிக்கொண்டிருந்தார். கூட்டாளிகளில் யார் போனாலும் அவர் வண்டி ஊர்வலத்தில் முன்னால் போக வேண்டும். வீட்டு வாரிசுதான் ஓட்ட வேண்டும். அது அவர்களுடைய இன்னொரு சட்டம். மகன் கார் ஓட்டுகிறவன். மோட்டார் சைக்கிளைத் தொட்டுப் பல வருஷமாகிறது. ஆனால் அப்பாவின் ஹெல்மெட் அவன் கையில் இருந்தது.

மெக்கானிக் படுதாவை உருவினார். ஒரே உதையில் வண்டி உயிர் பெற்றது.

நேற்று அவள் நெஞ்சை விட்டு இறங்கியது எதுவோ, அது திரும்ப ஏறி உட்கார்ந்தது.

"இனிமே வண்டி தம்பிக்குத்தானே! ஞாயித்துக்கிழமை எங்ககூட வந்துடட்டும்," என்றார் பேக்கரிக்காரர் சத்தத்துக்கு மேலே.

மகன் சிரித்தான். அப்பா செத்த வீட்டில், அழுது வீங்கிய முகத்தோடு, வண்டியைப் பார்த்துச் சிரித்தான். அந்தச் சிரிப்பை அவளுக்குத் தெரியும். ஒவ்வொரு பழைய வண்டியோடும் அந்தச் சிரிப்பும் இந்த வாசலுக்கு வந்திருக்கிறது. அவள் எழுந்து வெளியே போனாள்.

"வண்டி போகாது."

"ஏம்மா?" என்றான் மகன். "மெதுவாத்தான் போகப் போறோம்."

அவள் கைநீட்டிச் சாவியைத் திருப்பினாள். சத்தம் நின்றது.

"பங்சர்," என்றாள்.

பேக்கரிக்காரர் குனிந்து இரண்டு டயர்களையும் அமுக்கிப் பார்த்தார். அவருக்கு எதுவும் தாமதமாகத்தான் ஏறும். "கல்லு மாதிரி இருக்கு அண்ணி. காத்து நல்லாத்தானே..."

மெக்கானிக் அவர் கையைப் பிடித்து நிறுத்தினார். "எந்தப் பங்சர், அண்ணி?"

"நீங்கள்லாம் எனக்குச் சொல்வீங்களே, அந்தப் பங்சர். எனக்கு எப்பவோ தெரியும். தெரிஞ்சுதான் கேட்டுக்கிட்டேன். இன்னிக்கு நான் சொல்றேன், நீங்க கேட்டுக்குங்க."

கண் டாக்டர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு எதில் துடைப்பது என்று தெரியாமல் வைத்திருந்தார். மகன் அம்மாவையும் வண்டியையும் மாறி மாறிப் பார்த்தான். மெக்கானிக் பின் சக்கரத்தருகே குந்தி உட்கார்ந்தார். வால்வு மூடியைத் திருகி எடுத்தார். கட்டை விரல் நகத்தால் உள்ளே அழுத்தினார். காற்று சீறிக்கொண்டு வெளியே வந்தது. முழுசும் போகிற வரைக்கும் அவர் விரலை எடுக்கவில்லை.

"ஆமா," என்று எழுந்தார். "பங்சர்தான். தம்பி, ஹெல்மெட்டை இப்படிக் குடுங்க. நீங்க வேன்ல அப்பா பக்கத்துல உக்காந்துக்குங்க."

மகன் மனசில்லாமல் கொடுத்தான். மெக்கானிக் குரலைத் தாழ்த்தி, "நாளைக்கு வந்து வண்டியை எடுத்துட்டுப் போயிடறேன், அண்ணி," என்றார்.

"இன்னிக்கே."

"சரி. இன்னிக்கே."

வேன் புறப்பட்டது. பின்னால் அவர்களுடைய வண்டிகள் நடை வேகத்தில் போயின. அவள் கூடப் போகவில்லை. கேட்டருகே நின்று, தெருமுனையில் எல்லாம் திரும்புகிற வரைக்கும் பார்த்தாள். பத்திரமாகத்தான் போகிறார். பார்த்துப் போங்க என்று இனி சொல்ல வேண்டியதில்லை. அப்போது அவள் வாய்விட்டு அழுதாள். கட்டில் போன அந்த அறையில் வெறும் பாயை விரித்துப் படுத்தபோதும் அழுதுகொண்டுதான் இருந்தாள். அழ அழ உடம்பு லேசாகிக்கொண்டே வந்தது.

வெயில் தாழ்ந்தபோது அவர்கள் திரும்பினார்கள். பேக்கரி வேனின் கதவு திறந்தது. பலகை போட்டு வண்டியை ஏற்றுவதும் கயிற்றால் கட்டுவதும் படுத்த இடத்துக்குக் கேட்டன. "டேங்க் உரசிடாம பார்த்துய்யா," என்று யாரோ பதறினார்கள். வேன் போய்விட்டது.

மெக்கானிக் அறை வாசல் வரைக்கும் வந்து, உள்ளே உட்கார்ந்திருந்த மனைவியிடம், "வர்றியா? போலாமா?" என்றார்.

"நான் அக்காகூட இருந்துட்டுக் காலையில வர்றேன். நீங்க போங்க."

"சரி."

"போய்ச் சேர்ந்ததும் ஒரு போன் பண்ணுங்க."

வாசலில் அவர் வண்டி கிளம்பியது. அவள் சுவர்ப் பக்கமாக நகர்ந்து பாயில் இடம் விட்டாள்.

"நீயும் கொஞ்சம் படு."

"நீங்க தூங்குங்கக்கா."

மெக்கானிக்கின் மனைவி படுக்கவில்லை. போனை மடியில் வைத்துக்கொண்டு, சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள்.