இருபத்தொன்றாம் நாள்

பெட்டைப் பன்றியைக் கிடாப் பன்றியோடு சேர்த்து அன்று இருபத்தொன்றாவது நாள். பன்றிக்குச் சினை பிடித்ததா இல்லையா என்று அன்றைக்குத்தான் பார்ப்போம். பிடிக்கவில்லையென்றால் மறுபடி பருவத்துக்கு வரும். கிடா பக்கத்தில் வந்தால் காதை விறைத்துக்கொண்டு நிற்கும், ஆள் முதுகில் ஏறி உட்கார்ந்தாலும் நகராது. சினையாக இருந்தால் கிடாவைச் சட்டை செய்யாமல் விலகிப் போகும்.

எந்தப் பண்ணைக்காரனும் அது விலகத்தான் ஆசைப்படுவான். நான் அது நிற்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டிருந்தேன்.

முந்தின நாள் சாயங்காலத்திலிருந்து அது தின்னவில்லை. திருப்பதி ஓட்டல்களிலிருந்து டிரம்மில் கொண்டுவந்த சோறு தொட்டியில் புளித்துக் கிடந்தது. பருவத்துக்கு வந்த பன்றியும் தின்னாது, காய்ச்சல் கண்ட பன்றியும் தின்னாது. பத்து நாட்களுக்கு முன் குப்பம் டவுன் பக்கத்தில் ஒரு பண்ணையில் ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல் என்று உறுதியாகி, சுற்றிலும் ஒரு கிலோமீட்டருக்குள் இருந்த பன்றிகளையெல்லாம் கொன்று குழி வெட்டிப் புதைத்தார்கள். அந்த வீடியோவைப் போனில் திரும்பத் திரும்பப் பார்த்திருந்தேன். அதற்கு மருந்து கிடையாது. எச்சிலிலும் அது வரும், ஓட்டல் சோற்றைக் கொதிக்கவைத்துத்தான் போட வேண்டும் என்று கால்நடை டாக்டர் சொல்லியிருந்தார். போன வாரம் விறகு நனைந்திருந்த இரண்டு நாள் அப்படியே கொட்டினேன். என் மனைவி ஸ்வர்ணலதாவுக்கு அது தெரியாது.

“தெர்மாமீட்டர் வெச்சி ஜுரம் பாத்துட்டு அப்புறமா கிடாவ வரச்சொல்லு” என்றாள்.

“ஜுரம்லாம் இல்ல. பருவத்துக்கு வந்துக்கீது. அதான் துன்னல.”

“வெச்சிப் பாத்தியா?”

“பாத்தேன்.”

பார்க்கவில்லை. தெர்மாமீட்டர் அலமாரியில்தான் இருந்தது. அது நூற்றைந்து காட்டிவிட்டால் எனக்குச் செய்ய ஒன்றும் மிஞ்சாது.

கிடா முனிரத்தினத்தினுடையது. அவர் பண்ணை இரண்டு கிலோமீட்டர் தள்ளி, புத்தூர் ரோட்டுக்கு அந்தப் பக்கம். அங்கே பதினொரு பெட்டைகள். போன் செய்து, நாள் ஆகிவிட்டது, வந்து பாருங்கள் என்று மட்டும் சொன்னேன். போனை வைத்ததும் ஸ்வர்ணா கேட்டாள்.

“துன்னலன்னு அவராண்ட சொல்லலியே?”

“சொன்னா வருவாரா?”

அவள் உள்ளே போனாள்.

ஒன்பது மணிக்கு முனிரத்தினம் குட்டியானை வண்டியில் கிடாவை ஏற்றிக்கொண்டு வந்தார்.

“இன்னா சுதீரு, கம்பெனிய உட்டு ரெண்டு வருசம் ஆச்சி, இன்னும் அந்த நைட் ஷிஃப்ட் மூஞ்சி மாறலியே. பன்னிக்குக் காவல் கீறியா?”

“தூக்கம் வரலண்ணா.”

“நிக்காம ஓடணும்னு வேண்டிக்கோ. என் குட்டி அதுக்குள்ள கீது.” எங்கள் பக்கத்தில் பிறக்கிற குட்டிகளில் ஒன்று கிடாக்காரனுக்கு. அவருடைய கூலி அதுதான்.

பலகை வழியாக இறங்கிய கிடா வாயில் நுரை தள்ளிக்கொண்டு கொட்டகைக்குள் வந்தது. மற்ற முப்பது பன்றிகளும் தடுப்புக்கு அந்தப் பக்கம் இருந்தன. பெட்டை மூலையில் நின்றது. அதன் இடுப்பில் இரண்டு கையையும் வைத்து அழுத்தினேன். நகரவில்லை. எனக்கு மூச்சு வந்தது.

“நிக்குதுண்ணா. சினை இல்ல.”

முனிரத்தினம் என்னையே பார்த்தார். “புடிக்கலன்னு சந்தோசப்படறவன இப்பதான்டா பாக்கறேன். காதப் பாரு, தொங்கிக்கினு கீது. பருவத்துல நிக்கிற பன்னிக்குக் காது தொங்குமா? ஏறி உக்காரு.”

ஏறி உட்கார்ந்தேன். வெயிலில் விட்ட பைக் சீட்டைப் போல முதுகு சுட்டது. கிடா வந்து அதன் விலாவை முட்டியது. பெட்டை ஒரு முறை கத்திவிட்டு, என்னையும் சுமந்துகொண்டு பின்னங்கால்கள் தள்ளாட இரண்டு அடி விலகிச் சுவரைப் பார்த்து நின்றது. கிடா மறுபடி முட்டியது. மறுபடி விலகியது.

“பாத்தியா, கிடாவ ஒத்துக்கல. சினைதான்.” என் முதுகில் ஓங்கித் தட்டினார். “குட்டிய நானே பொறுக்கிக்குவேன், சொல்லிட்டேன்.”

இறங்கினேன். பெட்டை நின்ற இடத்தில் வெளிச்சம் விழுந்தது. வெள்ளைத் தோலில், காதுக்குப் பின்னாலும் அடிவயிற்றிலும் நாவல்பழக் கறை போலத் திட்டுத் திட்டாக இருந்தது. அந்த வீடியோவில் பார்த்ததும் இதே நிறம்தான்.

திரும்பினேன். கிடா தொட்டிக்குள் முகத்தை விட்டு நேற்றைய சோற்றைத் தின்றுகொண்டிருந்தது.

“துன்னட்டும் உடு” என்றார் முனிரத்தினம். “காலைல அதுக்கு ஒண்ணும் போடல.”

அவர் கயிற்றைப் போட்டுக் கிடாவை வண்டிக்கு இழுத்துப் போனார். நான் பேசாமல் இருந்தால் கிடா அவர் பண்ணைக்குப் போய்விடும். நாலைந்து நாளில் அங்கேயும் ஆரம்பிக்கும். அந்தக் கிடாதான் எங்கள் கொட்டகைக்கு நோயைக் கொண்டுவந்தது என்று நானே சொல்லிக்கொள்ளலாம். யாருக்கும் தெரியப்போவதில்லை. அதையும் நினைத்தேன்.

கிடாவின் முன்னங்கால்கள் பலகை மேல் இருந்தன.

“ஏத்தாதண்ணா.”

“இன்னா?”

“நேத்துலருந்து பெட்ட துன்னல. அடிவயித்தப் போய்ப் பாரு.”

அவர் போய்ப் பார்க்கவில்லை. கிடாவின் வாயைப் பார்த்தார். மூக்கில் பருக்கை ஒட்டியிருந்தது.

“போன் பண்றப்பவே தெரியுமா?”

“தெரியும்.”

அடிப்பார் என்று நின்றேன். அடிக்கவில்லை. கிடாவைத் திருப்பி இழுத்து வந்து எங்கள் கொட்டகைத் தூணில் அவரே கட்டினார். செருப்பைக் கழற்றி அங்கேயே விட்டார். போர் குழாயைத் திறந்து கையையும் காலையும் முழங்கால் வரை கழுவினார். சோப்பு கேட்டார். ஸ்வர்ணா கொண்டுவந்து தரையில் வைத்துவிட்டு விலகினாள். மறுபடி முதலிலிருந்து கழுவினார். வண்டியைத் தொடவில்லை. ரோட்டுக்குப் போகிற வழியில் வெறுங்காலோடு நடந்தார்.

“அண்ணா” என்றேன்.

“எங்க ஊட்டுப் பக்கம் வந்துடாத” என்றார், திரும்பாமல்.

டாக்டருக்குப் போன் செய்தேன். காது, வயிறு, நிறம் எல்லாம் கேட்டார். பிறகு, கொட்டகையில் மொத்தம் எத்தனை பன்றி என்று தெலுங்கில் கேட்டார். கிடாவையும் சேர்த்து முப்பத்திரண்டு என்றேன்.