முறுக்கு டின்

"அம்மா ஒங்க கடையில வேலை செய்றப்பத்தான் வெந்துபோனாங்கன்னு எழுதிக் கையெழுத்துப் போடுங்க, அங்கிள்."

கேட்டேவிட்டாள். இதை மட்டும் கேட்டுவிடாதே என்று ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தபடி காளியம்மா மூன்று நாளாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். மகள் லோஷினி, வேலையிடக் காயத்துக்கு இழப்பீடு கேட்கும் சொக்சோ படிவமான அந்தப் போராங்கைக் கண்ணாடி மேசையில் விரித்து, முதலாளி கையெழுத்திட வேண்டிய கட்டத்தைப் பேனாவால் தட்டினாள்.

முதலாளி லெட்சுமணன் போராங்கைப் பார்க்கவில்லை. வாசலைப் பார்த்தார். கூலாய் பஸ் நிலையத்துக்குப் பின்னாலிருந்த அந்தக் கடையின் பலகையில் 'கைப்பேசிப் பொருள்கள்' என்றுதான் எழுதியிருந்தது. முன்னால் போன் உறைகளும் சார்ஜர்களும் தொங்கின. பின்னறையில் வேப் எனும் மின்சிகரெட்டுக்குப் போடும் பேட்டரி. ஜொகூர் மாநிலத்தில் வேப் விற்க லைசென்ஸ் கிடையாது. எல்லாம் பார்சலாக வெளியூருக்குப் போனது. பழைய லேப்டாப்பிலிருந்து பிடுங்கிய விரல் நீளப் பேட்டரிகள் மூட்டையாக வரும். காளியம்மா ஆறு வருடமாக அவற்றின் கிழிந்த ரேப்பரை நகத்தால் உரித்து, புது ரேப்பர் மாட்டி, ஹேர் டிரையரைக் காட்டிச் சுருங்க வைத்தாள். சுருங்கிவிட்டால் அது புதுப் பேட்டரி.

"மொதல்ல ஒக்காரும்மா. ஷாமளா, இவளுக்குக் குடிக்க ஒரு தே தாரேக் சொல்லு."

"வேணாம்."

"ஒக்காந்து பேசு லா. சண்டைக்கு வந்த மாதிரி நிக்கிற."

நின்றாள். ஆனால் கால் ஓரிடத்தில் நிற்கவில்லை. மேசைக்கும் சார்ஜர் வரிசைக்கும் இடையே இரண்டெட்டு போவதும் திரும்புவதுமாக இருந்தாள்.

"அடுப்புல எண்ணெய் கொட்டிருச்சுன்னு ஒங்கம்மாவே டாக்டர்கிட்ட சொல்லிட்டாங்க. இப்ப மாத்திச் சொன்னா அவங்களுக்குத்தான் சுசா, தொல்ல."

"ஆஸ்பத்திரிக்குப் போற வழியில கார்ல நீங்க சொல்லிக் குடுத்தது அது. எண்ணெய் கொட்டுனா பேட்டரி நீளத்துக்குக் கோடு கோடாவா வேகும்?"

விலைச்சீட்டு ஒட்டிக்கொண்டிருந்த கடைப்பெண் ஷாமளாவின் கை நின்றது.

"நீ யூனிவர்சிட்டிக்குப் போன அன்னிக்கு ஒம் பெட்டிய யார் கார்ல ஏத்துனாங்க? லேப்டாப் யார் குடுத்தா?" என்றார் லெட்சுமணன்.

"நீங்கதான். நான் மறக்கல. அதுக்காக அம்மா தொடைய எழுதிக் குடுத்துட்டமா?"

லெட்சுமணன் எழுந்துபோய், பார்சல் குவியலிலிருந்து ஒரு துண்டுச்சீட்டை உருவி வந்தார். வாங்குபவர்களுக்காக ஒவ்வொரு பெட்டியிலும் போடும் சீட்டு. "இது யார் எழுதுனது? கிரேஜுவேட்டு, நீதானே? படி. கிழிஞ்ச ரேப்பர் பேட்டரியத் தொடாத. தலையில வெள்ள வளையம் இருக்கான்னு பாரு. சாவி, காசு, தகர டப்பாகூட வைக்காத. எல்லாம் இருக்குல்ல? முறுக்கு டின்ன மடியில வெச்சிக்கிட்டு ஒக்காந்தது யார் தப்பு?"

அந்த டின் அவர் வீட்டிலிருந்து வந்தது. தீபாவளிக்கு அவர் மனைவி வேலையாட்களுக்கு அதில்தான் முறுக்கு அனுப்புவார். முதல் வருடம் அதைக் காலியாகத் திருப்பித் தரக் கூச்சப்பட்டு, காளியம்மா அன்று முடித்த பேட்டரிகளை வரிசையாக அடுக்கிக் கொடுத்தாள். "நல்லாருக்கேக்கா, இனிமே இதுலயே வைங்க" என்றவர் இதே லெட்சுமணன்.

"அம்மாவுக்குப் படிக்கத் தெரிஞ்சது தமிழ் மட்டும். மலாய், இங்கிலீஷ், சீனத்துக்குக் கீழ தமிழ்லயும் எழுதிக் குடுத்தேன். நீங்க என்ன சொன்னீங்க?"

"எடம் பத்தலன்னேன். நீயும் சரின்னியே."

சரியென்றுதான் சொன்னாள். அவர் தந்த அதே லேப்டாப்பில் நான்கு தமிழ் வரியையும் தன் கையாலேயே அழித்தாள். லோஷினியின் கால் அப்போதுதான் நின்றது.

பிறகு அம்மாவின் கைப்பேசியை எடுத்து, விபத்தன்று வந்திருந்த குரல் செய்தியை அழுத்தினாள். லெட்சுமணனின் குரல் கடை முழுக்கக் கேட்டது: "காளியம்மாக்கா, வளையம் தீந்துருச்சாமே? பரவால்ல, ரேப்பர மட்டும் மாட்டுங்க. மூணு மணிக்கு வேன் வந்துரும்."

"பேட்டரியோட தலைக்கும் விளிம்புக்கும் நடுவுல அந்தக் காகித வளையம்தான் இருக்கு. அது இல்லாம, ரேப்பரும் கொஞ்சம் வெலகி நின்னா, டின்னு ரெண்டையும் தொட்டுரும். நெருப்பு கக்கிரும். இது ஒங்களுக்குத் தெரியும். எனக்குத் தெரியும். அவங்களுக்குத்தான் தெரியாது."

அவர் கை நீண்டது. அவள் கைப்பேசியைப் பின்னால் இழுத்துக்கொண்டாள்.

"அலமாக், லோஷினி..." குரல் இறங்கியது. "ஆபீசருங்க வந்தா கடைய மூடிருவாங்க. ஷாமளா எங்க போவா? காயம் ஆறுனா ஒங்கம்மா எங்க வேலைக்கு வருவாங்க?"

"தோல் வெட்டி ஒட்டணும்ங்கறாரு டாக்டர். முட்டிய மடக்க எத்தன மாசம் ஆகுமோன்னாரு. எந்த வேலைக்கு வருவாங்க?"

பின்னறையில் ஹேர் டிரையர் உறுமியது.

லோஷினி திரை விலக்கி உள்ளே போனாள். அம்மாவின் முக்காலியில், அவர்கள் பிளாட்டின் கீழ்மாடியில் இருக்கும் சந்திரமதி உட்கார்ந்திருந்தாள். மடியில் மயில் படம் போட்ட மஞ்சள் முறுக்கு டின். உள்ளே பளபளவென்று பேட்டரிகள். ஒன்றின் தலையிலும் வளையம் இல்லை. முக்காலிக்கடியில் சிமெண்ட் கருகி, கழுவியும் போகாமல் கிடந்தது.

"அக்கா, அத மடியிலேர்ந்து எறக்குங்க. பிளாஸ்டிக் பெட்டி கேளுங்க. வளையம் வர்ற வரைக்கும் மாட்டாதீங்க."

சந்திரமதி டிரையரை நிறுத்தினாள். லோஷினியைப் பார்க்கவில்லை. அவள் தோளுக்கு மேலாக, திரையைப் பிடித்து நின்ற லெட்சுமணனின் முகத்தைப் பார்த்தாள். அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

"வேன் வந்துரும் பாப்பா," என்றாள் சந்திரமதி மெதுவாக.

லோஷினி முன்னால் வந்து போராங்கை எடுத்தாள். விபத்து நடந்த இடம் என்ற கட்டத்தில் இந்தக் கடையின் முகவரியைக் காலையிலேயே, அம்மா தூங்கிக்கொண்டிருந்தபோது, கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து எழுதி முடித்திருந்தாள். அதை நான்காக மடித்துப் பைக்குள் வைத்தாள்.

"கையெழுத்து?" என்றார் லெட்சுமணன், தன்னையறியாமல்.

"இல்லாமலே குடுக்குறேன். ஏன் போடலன்னு சொக்சோ ஆபீசருங்களே வந்து கேக்கட்டும்."

"ஒங்கம்மாகிட்ட கேட்டியா?"

"கேக்கல."

கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு வெயிலில் இறங்கினாள். பார்சல் வேன் பீப் பீப்பென்று பின்வாங்கி வாசலை அடைத்துக்கொண்டிருந்தது. அதற்கும் சுவருக்கும் இடையே ஒடுங்கி நடந்தபோது, கடைக்குள்ளே ஹேர் டிரையர் மறுபடி உறுமத் தொடங்கியது.