நனையாத கை

அந்த பாப்டிஸ்ட் சபைக்கு அவர்தான் போதகர்; ஊராட்சிக்கும் அவரேதான் தலைவர். வாரநாட்களில் மனுக்களைத் திருப்பி அனுப்புவார். ஞாயிற்றுக்கிழமை ஆட்களைத் திருப்பி அனுப்புவார். இரண்டு இடத்திலும் சட்டம் ஒன்றே: அரைகுறை செல்லாது. ஊராட்சி முத்திரையை எழுத்தரிடம்கூட நம்பிக் கொடுத்ததில்லை. ஞானஸ்நானத் தொட்டிக்குள் இடுப்பளவுத் தண்ணீரில் நிற்கும்போதும் அது அவர் சட்டைப்பையில் துருத்திக்கொண்டிருக்கும்.

அன்று தையல்காரரின் முறை. போதகர் அவரைப் பின்பக்கமாகச் சாய்த்து முக்கி எடுத்தார்.

"கால் கட்டைவிரல் வெளிய தெரிஞ்சுது. செல்லாது. இன்னொரு தடவை."

அடுத்த முறை முழங்கை. அதற்கடுத்த முறை தையல்காரர் மூக்கிலும் காதிலும் தண்ணீர் ஏறி, கண் சிவந்து எழுந்தார். "இப்பவாவது சரியா ஐயா? வேணும்னா அளவெடுத்துப் பாத்துக்குங்க."

போதகர் சரியென்று தலையாட்டிவிட்டுச் சபையைப் பார்த்து முழங்கினார். "ஒரு விரல் நனையலைன்னாலும் அவன் சபையில சேரலை. இந்த மேடையில ஏற முடியாது. அது நானா இருந்தாலும் சரி." கடைசி வரியைச் சொல்லாமல் விட்டிருக்கலாம்.

முன்வரிசையில், வெளியூரிலிருந்து வந்திருந்த அவருடைய அக்கா களுக்கென்று சிரித்துவிட்டாள்.

"அப்ப நீ எப்படிடா ஏறின?"

"என்னக்கா சொல்ற?"

"உனக்கு முழுக்கு குடுத்தப்ப ஆத்தங்கரையில துண்டோட நின்னது நான்தானே. அப்பா வாங்கிக் குடுத்த புது வாட்ச் நனைஞ்சிடும்னு இடது கையைக் கொடிக்கம்பம் மாதிரி தூக்கிப் பிடிச்சிருந்த. பழைய போதகர் நல்ல மனுசன், கண்டுக்கலை."

போதகர் மறுக்க வாயைத் திறந்தார். அந்த வாட்ச்சின் பச்சைப் பட்டை கண்முன் வந்து நின்றது. செய்த பிரசங்கமெல்லாம், நடத்திவைத்த கல்யாணமெல்லாம் என்ன கணக்கில் சேரும்? தேர்தல் வேறு நெருங்கிக்கொண்டிருந்தது. எதிரே இருந்தவை சபையார் முகங்கள் மட்டுமல்ல, ஓட்டுகளும்தான்.

கடைசியில், போதகருக்கு உதவியாகச் சபை வேலைகளைப் பார்க்கும் டீக்கன் எழுந்தார். "ஐயா சொன்ன சட்டப்படி, ஐயா இப்ப வெளியாள். முழுசா நனைஞ்சவங்கதான் ஐயாவை முக்கணும். நாங்க முழுசா நனைஞ்சோமான்னு எங்களுக்கே இப்ப சந்தேகமா இருக்கு. சந்தேகமே இல்லாம நனைஞ்சது நம்ம தையல்காரர் ஒருத்தர்தான்."

தையல்காரர் முகத்தைத் துடைத்துக்கொண்டு மறுபடியும் தொட்டிக்குள் இறங்கினார்.

போதகர் கண்ணை மூடிச் சாய்ந்தார். முழுசாக நனைந்துவிட்டால் போதும். மேடையும் தப்பும், நாற்காலியும் தப்பும். தண்ணீர் நெஞ்சில் ஏறியது, முகத்தை மூடியது. உள்ளேயே கண்ணைத் திறந்து பார்த்தார். அவருடைய இடது கை மணிக்கட்டுவரைதான் தண்ணீருக்குள் இருந்தது. மீதி, தண்ணீருக்கு மேலே, முத்திரையைப் பிடித்தபடி காற்று வாங்கிக்கொண்டிருந்தது. அதை எப்போது சட்டைப்பையிலிருந்து எடுத்தார் என்று அவருக்கே தெரியாது.

தையல்காரர் அவரைத் தூக்கி நிறுத்தினார்.

"செல்லாது ஐயா," என்றார், மிகுந்த மரியாதையோடு. "அதை அக்காகிட்ட குடுத்துடுங்க. இன்னொரு தடவை."

அக்கா கையை நீட்டினாள். போதகர் கொடுக்கத்தான் பார்த்தார். விரல்கள் பிரியவில்லை.