தோளில் வைத்த கோப்பை

வோட்டு எண்ணி முடித்த அந்த நிமிடத்தில்தான் சர்மிளாவுக்குக் குரல் போனது. சபரகமுவ மாகாணத்துப் பேச்சுச் சிகிச்சையாளர் சங்கத்துக்கு விஜயகலாதான் தலைவி என்று அறிவித்ததும், வாழ்த்துச் சொல்ல வாயைத் திறந்தாள். காற்று மட்டும் வந்தது. அதுவும் லேசுப்பட்ட காற்றல்ல. இரத்தினபுரியில் கிளம்பி, குருவிட்டத் தோட்டத்துப் புகையறையில் மழைக்காலம் முழுக்க ஈரமாய்த் தொங்கிய றப்பர் ஷீட்டுகளை ஒரே வீச்சில் உலர்த்திவிட்டுப் போனது. நம்பாதவர்கள் ஷீட்டைத் தொட்டுப் பார்க்கலாம்.

வயிறு எரியாமல் என்ன செய்யும்? இருவரும் ஒரே தோட்டத்து லயக் குடியிருப்பில் வளர்ந்த பிள்ளைகள். படித்து முதலில் ஆஸ்பத்திரி வேலைக்கு வந்தவள் சர்மிளா. பிறகு பயிற்சிக்கு வந்த விஜயகலாவின் இரண்டு தோளிலும் தேத்தண்ணிக் கோப்பையை வைத்து, “தோள் அசையக் கூடாது, மூச்சு வயித்துக்குப் போகணும்” என்று பழக்கியவளும் அவளே. அந்தப் பயிற்சியில் உடைந்த கோப்பைகளுக்குப் பதில் கோப்பை விற்றே பெல்மதுளைக் கடைக்காரர் ஒருவர் மாடி வீடு கட்டினார்.

அந்தக் கோப்பைக்காரி இப்போது தலைவி. சனிக்கிழமை பாராட்டு விழா. மூத்தவள் என்ற முறையில் வரவேற்புரை சர்மிளா. பேசாமல் இருந்தால் பொறாமை என்பார்கள். உண்மையாகவே பொறாமை என்பதால் அது இன்னும் மோசம்.

பக்கவாதத்தில் வாயடைத்துப் போனவர்களையெல்லாம் பேசவைத்தவள், தன் தொண்டையோடு மல்லுக்கட்டினாள். இருமினாள், கொப்பளித்தாள், ‘ம்ம்’ என்று முனகப் பார்த்தாள். ஒன்றும் பலிக்கவில்லை.

“அனே மிஸ், தொண்டையில ஒண்ணுமில்லன்னு டாக்டரே சொல்லிட்டாரு,” என்றாள் கிளினிக் உதவியாளர் நுஸ்கா. “பேசாம விஜயகலா மிஸ்கிட்டயே காட்டுங்களேன். வேற யாரு இருக்கா?”

சர்மிளா முறைத்த முறைப்பில் சுவர்க் கடிகாரம் நின்றுவிட்டது. ஆனாலும் போனாள்.

“வாங்கக்கா,” என்று விஜயகலா இரண்டு கோப்பையில் பிளேன்டீ ஊற்றி வைத்தாள். “மொதல்ல மூச்சைச் சரி பண்ணுவோம். நான் செய்றதைப் பாருங்க.” தோள் இரண்டையும் காதுவரை தூக்கி, மலையேறும் லொறிபோல மூச்சை இழுத்தாள்.

சர்மிளா பதறிக் கையை ஆட்டினாள். இறக்கு, இறக்கு என்று சைகை காட்டினாள்.

“இன்னும் தூக்கணுமாக்கா? சரி.” தோள் இன்னும் உயர்ந்தது. “இனிமே மாகாணம் முழுக்க இப்படித்தான் சொல்லிக் குடுக்கப் போறேன்.”

“அடி எருமை! தோளை எறக்குடி! வயித்தால இழு!”

அந்தச் சத்தத்தில் பறந்த ஜன்னலோரக் காகங்கள் அன்றைக்கு அடுத்த மாவட்டத்து வரக்காப்பொலவில்தான் போய் இறங்கின.

விஜயகலா தோளை இறக்கினாள். இரண்டு கோப்பையையும் எடுத்துத் தன் தோளுக்கொன்றாய் வைத்து, வயிறு நிறைய மூச்சு இழுத்தாள். ஒரு சொட்டுச் சிந்தவில்லை.

“நீங்க பழக்கினது மறக்குமாக்கா?”

குரல் திரும்பிய சந்தோஷம் சர்மிளாவுக்கு வாசல்வரைகூட நிற்கவில்லை. இந்த யோசனை தனக்கு வரவில்லையே என்று மறுபடி எரிந்தது.

சனிக்கிழமை மேடையில் கணீரென்று பேசினாள். “இந்தத் தலைவிக்கு மூச்சுவிடக் கத்துக் குடுத்ததே நான்தான்!” என்றாள். குரல் போய் வந்த கதையை மட்டும் விழுங்கிவிட்டாள். முன்வரிசையில் விஜயகலா ஒரு தோளை மெல்ல உயர்த்தினாள்.

“எறக்குடி!” என்று மைக் அதிர்ந்தது.

விஜயகலா இறக்கினாள். அவளோடு சேர்ந்து மண்டபத்திலிருந்த அத்தனை சிகிச்சையாளர்களும் சட்டென்று தோளை இறக்கினார்கள்.

அதைப் பார்த்த பிறகுதான் சர்மிளாவுக்கு வயிறு கொஞ்சம் ஆறியது.