சீப்புக்கு விழுந்த ஓட்டு

எங்கள் கட்சியின் விலை ஒரு வேன். பழைய வேன்தான், ஆனால் நான்கு டயரும் புதிது. ஏணிச் சின்னக் கட்சியின் வட்டச் செயலாளர் என் ஜவுளிக்கடைக்கு வந்து, இரண்டு படுக்கை விரிப்புகளைப் புரட்டிப் பார்த்துவிட்டு, மூன்றாவதைப் புரட்டும்போது அந்த விலையைச் சொன்னார். தலைவரிடம் போகாமல் பொருளாளரான என்னிடம் வந்தாரே, அங்கேயே ஆள் வியாபாரம் தெரிந்தவர் என்று புரிந்துவிட்டது.

"இந்த வாட்டி வாபஸ் வாங்கிடுங்க. போன தடவ எரநூறு ஓட்டுல தோத்தோம். உங்களுக்கு முந்நூத்தி நாப்பது. அது எங்க சரக்குய்யா. பாதிப் பேரு உங்க சீப்ப ஏணின்னு நெனச்சுக் குத்தியிருக்காங்க."

"பாதிதானா?" என்று சிரித்துவைத்தேன். யோசித்துச் சொல்வதாக அனுப்பினேன்.

பாதி இல்லை, கிட்டத்தட்ட முழுவதும் என்று எனக்கு முன்பே தெரியும். தெரியக் கூடாதவர் ஒருவர்தான்: தலைவர், என் அக்காவின் கணவர், மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர். அக்கா நிறைமாதமாக இருந்தபோது ஒரு கையெழுத்துக்காக ஏதோ அலுவலக வராந்தாவில் காலையிலிருந்து சாயங்காலம்வரை நிற்கவைத்துவிட்டார்கள். காத்திருக்கிற இடத்திலெல்லாம் நாற்காலி வேண்டும் என்று அன்றைக்கு அத்தானுக்குத் தோன்றியது. அவ்வளவுதான் கொள்கை. காத்திருப்போர் கட்சி பிறந்துவிட்டது. நாற்காலியையே சின்னமாகக் கேட்டார். அதில் ஏற்கெனவே யாரோ உட்கார்ந்திருந்தார்கள். சீப்பு கிடைத்தது. தலையில் நாலு முடிகூட இல்லாத வேட்பாளருக்குச் சீப்பு! சிரித்துச் சிரித்தே முதல் தேர்தல் முடிந்தது. விழுந்தது ஒன்பது ஓட்டு. அடுத்த முறை ஓட்டுச் சீட்டில் இடம் போதாமல் சீப்பை நிமிர்த்தி அச்சடித்தார்கள். ஓட்டு முந்நூறைத் தாண்டியது. அத்தான் எண்ணும் இடத்திலேயே அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு குழந்தை மாதிரி அழுதார். அதைப் பார்த்த பிறகு எவனுக்கு வாய் வரும்?

வேன் கதையை அக்காவிடம் சொன்னேன். கடையில் கண்ணாடிகளைத் துடைத்துக்கொண்டிருந்தவள் நிமிரவே இல்லை.

"வேன வெச்சு என்னடா பண்றது? அந்த முந்நூத்தி நாப்பதுதான் அவர காலைல எழுப்பி விடுது. வேணாம்னு சொல்லிடு."

"அப்ப ஒனக்கும் தெரியுமா?"

"அவரோட இத்தன வருஷம் குடும்பம் நடத்துறேன். சீப்புக்கும் ஏணிக்கும் வித்தியாசம் தெரியாதா எனக்கு?"

வேண்டாம் என்று சொல்லியனுப்பினேன். அடுத்த வாரமே அத்தான் கடை வாசலில் இலவசக் கண் பரிசோதனை என்று தட்டி கட்டிவிட்டார். வார்டிலுள்ள பெரியவர்கள் எல்லாரும் வரிசையில் நின்றார்கள். ஒவ்வொரு கண்ணாடியும் ஒரு ஓட்டு நஷ்டம். எலெக்‌ஷன் முடிந்து வைத்துக்கொள்ளலாம் என்று சொல்லத்தான் உள்ளே நுழைந்தேன்.

சுவரில் எழுத்துப் பலகை தொங்கியது. மேலே பெரிய எழுத்து, கீழே போகப்போகச் சின்ன எழுத்து. கடைசி வரியில் எழுத்தே இல்லை. ஒரு சீப்பும் ஒரு ஏணியும் வரைந்திருந்தார்.

"ஏணி எதும்மா?" என்று ஒரு அம்மாளைக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"இந்தாண்ட இருக்கறது."

"அது சீப்பு. இருங்க, பவர் மாத்தறேன்."

மாற்றினார். அந்த அம்மாள் கண்ணைச் சுருக்கிப் பார்த்துவிட்டு, "அட, ஆமா! அப்ப நான் இத்தன நாளா…" என்று பாதியிலேயே நிறுத்திக்கொண்டு, அத்தானின் முகத்தைப் பார்த்தாள். "பரவால்லம்மா. மூக்குல உறுத்துதா?" என்றார் அவர்.

அவள் போனதும் கேட்டேன். "அத்தான், ஒங்களுக்கு எப்பலேருந்து தெரியும்?"

"மச்சான், இவங்க கண்ணெல்லாம் என் கையில இருக்கு. யாருக்கு எது எப்படித் தெரியும்னு எனக்குத் தெரியாதா? ஒங்க அக்கா சந்தோஷமா இருந்தா. அதான் கம்முனு இருந்தேன்."

"இப்ப மட்டும் என்ன வந்துச்சு?"

"எனக்கும் வயசாவுதுல்ல? நெஜமா எத்தன பேருன்னு ஒரு தடவயாவது தெரிஞ்சுக்கணும்."

சொன்னது சாதாரணமாகத்தான். ஆனால் அடுத்தவருக்குப் போடவேண்டிய கண்ணாடியைக் கையில் வைத்துக்கொண்டே தேடினார்.

ஓட்டு எண்ணும் அன்று அக்கா வரமாட்டேன் என்றுவிட்டாள். ஏணி ஜெயித்தது. மாலையும் கழுத்துமாக வந்த வட்டச் செயலாளர் என் தோளில் தட்டி, "வேன் வாங்காமலே வேலைய முடிச்சுக் குடுத்துட்டீங்களே! உங்ககிட்ட யாவாரம் கத்துக்கணும்யா" என்றார். அதற்குள் சீப்புக்கு எத்தனை என்று வாசித்தார்கள்: பதினொன்று.

நான் அத்தானைப் பார்க்கவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர்தான் விரலை நீட்டி மடக்க ஆரம்பித்தார்.

"நான், ஒங்க அக்கா, நீ, ஒன் பொண்டாட்டி…"

"அவள எடுத்துடுங்க. அவ பரம்பர ஏணி."

"சரி, மூணு. அப்ப மீதி எட்டுப் பேரு யாரு?"

"யாருக்குத் தெரியும்?"

"எட்டுப் பேர் மச்சான்! கண்ணு நல்லாத் தெரிஞ்சு, சீப்புன்னு தெரிஞ்சு, தோக்கும்னும் தெரிஞ்சு போட்டிருக்காங்க. அவங்களுக்கு ஒரு வார்த்த சொல்லணுமே. எங்க போய்த் தேடறது?"

வீட்டுக்கு நடந்தே வந்தோம். எதிரே வந்த ஒருவரையும் அவர் விடவில்லை. தபால்காரர், மருந்துக்கடைப் பெண், கைவண்டி தள்ளுகிறவர், சண்டைபோட்டுக்கொண்டு வந்த கணவன் மனைவி என எல்லாரையும் நிறுத்தி, "ரொம்ப நன்றிங்க" என்றார். சிலர் சிரித்தார்கள், சிலர் ஒதுங்கிப் போனார்கள். ஒருவர் மட்டும் அவருடைய கையை ஒரு நிமிடம் பிடித்துவிட்டுப் போனார். பொருளாளர் என்ற முறையில் நான் கூடவே கணக்கு வைத்துக்கொண்டு வந்தேன். வீட்டுப் படி ஏறும்போது அறுபத்துமூன்று நன்றி செலவாகியிருந்தது. சேரவேண்டியவர்கள் எட்டுப் பேர். ஒருவருக்குச் சேர்ந்துவிட்டது என்றே எழுதிக்கொள்ளலாம், பாக்கி ஏழு.