நால்வரும் நலம்

1

இந்தக் கதையை நான் யோசிக்கவில்லை. ஓர் அதட்டலில் வந்தது. எழுபத்தொன்பது வயது அத்தை, தாத்தாவின் 1913 டைரியை என் மடியில் போட்டு, "நான் பொறந்த வாரத்தப் படி. மத்ததெல்லாம் அப்புறம்" என்றாள். அவளுக்குக் கண் தெரிவதில்லை.

அவளுக்குத் தெரிய வேண்டியது ஒன்றுதான். மூன்றாவதும் பெண் என்றதும் அப்பா நான்கு நாள் முகம் பார்க்க வரவில்லை, வழக்கம்போல் வேலைக்குப் போனார் என்று சொல்லிச் சொல்லியே வளர்த்தவள் அவளுடைய மூத்த அக்கா. அக்கா இறந்து பதினோரு ஆண்டு. அத்தை இன்னும் பதில் சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

2

முதல் தொடக்கம்: "இருண்ட பம்பு அறையில், எண்ணெய் நாற்றத்தில், ஓர் இளைஞன் தன்—"

விட்டுவிட்டேன். தாத்தா ஊருக்குத் தண்ணீர் ஏற்றும் நிலையத்தில் பம்பு ஓட்டியவர். அது மட்டும் தெரியும். பம்பு அறைக்குச் சன்னல் உண்டா என்று டைரியில் இல்லை. [இல்லை என்பதற்காக நான் சுவர் எழுப்பிவிடலாமா?]

3

அத்தை பிறந்தது புதன்கிழமை. டைரியில் இருப்பது இது:

புதன். ஐந்துக்கு எழுந்தேன். பம்பு இரண்டும் ஓடின. வீட்டில் நால்வரும் நலம். ஒன்பதுக்குப் படுத்தேன்.

வியாழன். ஐந்துக்கு எழுந்தேன். பம்பு இரண்டும் ஓடின. வீட்டில் நால்வரும் நலம். ஒன்பதுக்குப் படுத்தேன்.

ஞாயிறு வரை அதேதான். ஓரத்தில் இரண்டு குறிப்புகள்: செருப்பு அறுந்தது. ஒரு பல் ஆடுகிறது.

நால்வர் என்றால் அவர், அவர் மனைவி, முதல் இரண்டு பெண்கள்.

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான் அத்தை."

"செருப்பு அறுந்தத எழுதுவாராம். அக்கா பொய் சொல்லலடா. அவளுக்கு அந்தச் சாமர்த்தியம் கிடையாது."

[இங்கேயே முடித்திருந்தால் கச்சிதமான கதை. எனக்குப் பிடித்திருந்தது. அதனாலேயே சந்தேகம் வந்தது.]

4

பக்கத்தை வெளிச்சத்துக்குக் கொண்டுபோனேன். ஏழு நாளும் ஒரே மை. எழுத்து திங்களில் நிமிர்ந்து நிற்கிறது. ஞாயிறுக்குள் கை வலித்துச் சரிகிறது. ஒரே மூச்சில் எழுதியது. அடுத்த வாரமும் அப்படித்தான், ஆனால் திங்கள் முதலே "ஐவரும் நலம்". செவ்வாய்க்குப் பக்கத்தில், ஓரத்தில் நெருக்கி:

போன வியாழன் பகலில் நான் பம்பு அறையில் இல்லாதது பற்றி மேலதிகாரி விளக்கம் கேட்டார். கொடுத்தேன்.

வாரத்தைத் திங்களன்றே எழுதி முடித்துவிடுகிற மனிதர். நிலையத்துப் பதிவேட்டையும் அப்படி முன்கூட்டியே நிரப்பி மாட்டிக்கொண்டிருப்பார். [இது என் ஊகம்.] என்றால் அந்த "நால்வர்" அத்தை பிறப்பதற்கு முன்பே எழுதப்பட்டது.

"அத்தை, நீ பொறந்த மறுநாள் பகல்ல அவர் வேலையில இல்ல."

அத்தை நிமிர்ந்தாள். "பின்ன எங்க போனாரு?"

"எழுதல."

"நீ எழுதிடாத."

5

எழுதிப் பார்த்தேன்.

(அ) வீட்டுக்கு வந்தார். தொட்டிலருகே நின்று வெகுநேரம்

(ஆ) மூன்றாவதும் பெண். கால் போன போக்கில் நடந்தார்.

(இ) பல்லைப் பிடுங்கப் போனார்.

மூன்றையும் நம்பலாம். முதலாவதை, டைரியில் இருப்பதுபோலவே, உரக்கப் படித்தேன்.

"தொட்டில்னா எழுதியிருக்காரு?"

"ஆமா அத்தை."

"வெகுநேரம்னு?"

நான் பக்கத்தைப் புரட்டினேன்.

"எங்கப்பா மணி பாக்காம எதையும் எழுத மாட்டாரு. குடு இங்க. கத கட்டுற வாய்." டைரியைப் பிடுங்கிக்கொண்டாள். "படிக்கத் தெரிஞ்ச வேற யாராவது வரட்டும்."

6

அதனால் உங்களைக் கூப்பிடுகிறேன். டைரி அவள் மடியில் இருக்கிறது. பக்கத்தில் ஒரு நாற்காலி போட்டிருக்கிறேன். "நீங்க கத எழுதுறவங்களா?" என்று முதலில் கேட்பாள். இல்லையென்றால் உட்காரச் சொல்வாள்.

அடுத்த கேள்வி வியாழக்கிழமை பற்றியது. என்னைப் பார்க்காதீர்கள். நான் அறைக்கு வெளியே நிற்கிறேன்.