பிரதி அதிபர் போட்ட பூட்டு

மடவளையில் பஸ்லினா படிப்பிக்கும் பாடசாலையில் அட்மின் ஆகாதவர்கள் இரண்டு தரப்பு: மாணவர்கள், பிறகு கேற்றடியில் படுத்திருக்கும் பூனை. பாடசாலைக் கணினிகளில் யாருடைய ஃபோல்டரையும் திறக்க, மாற்ற, பூட்ட உரிமையுள்ள குழுவுக்குத்தான் அட்மின் என்று பெயர். முன்பிருந்த கணினி ஆசிரியர் முகம் முறிக்கத் தெரியாதவர். ஒருவருக்குக் கொடுத்ததும் அடுத்தவர் "எனக்கில்லையா?" என்பார். கல்யாண வீட்டு வட்டிலப்பம்போல் ஒருவரையும் விடாமல் பரிமாறிவிட்டு, கம்பளைக்கு இடமாற்றம் வாங்கிக்கொண்டு போய்விட்டார்.

அவர் இடத்துக்கு வந்த பஸ்லினா கண்டி நகரில் புடைவைக் கடை வைத்திருப்பவரின் மகள். அட்மின் குழுவைக் குறைக்கவேண்டும் என்று நயமாகச் சொல்லிப் பார்த்தாள். மேடையிலிருந்து இறங்கச் சொன்னதுபோல் எல்லோரும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார்கள்.

அன்று காலை பத்தாம் வகுப்பு றம்லத் கணினி அறைக்குள் ஓடிவந்தாள். சாப்பாட்டுப் பார்சல் திருடும் குரங்குகளைப் பற்றி ஒரு தவணை முழுவதும் வகுப்பே சேர்ந்து எடுத்த படம். அன்று பாடசாலை விடுவதற்குள் அதைக் குறும்படப் போட்டிக்கு அனுப்பவேண்டும்.

"டீச்சர், ஃபோல்டர் தொறக்குதில்ல. அனுமதி இல்லயாம். எங்கட படம் எங்களுக்கே இல்லயா?" கண் நிறைந்துவிட்டது.

பின்னாலேயே பிரதி அதிபர் ஹுதைபா வியர்வையைத் துடைத்துக்கொண்டு வந்தார்.

"நான்தான் பூட்டின டீச்சர். பாதுகாப்புக்கு. இப்ப எனக்கே தொறக்குதில்ல. நேத்து அம்ஜத் சேர் கிரிக்கெட் மெச் வீடியோவக் கொண்டுவந்து அதுக்குள்ள போட்டீக்கார்."

"யாருக்குப் பூட்டினீங்க சேர்?"

"'எல்லோரும்' என்டு ஒரு குழு ஈந்திச்சி. அதுக்குத் தடை போட்டன்."

"அந்தக் குழுவுல நீங்களும் ஈக்கிறீங்களே?"

"நான் எப்படி? நான் பிரதி அதிபர்!"

தேத்தண்ணி ஆறுவதற்குள் அவிழ்க்கக்கூடிய முடிச்சுத்தான். ஆனால் கேட்டவுடன் "இருக்கிறது" என்று துணியை எடுத்துப் போடுகிறவள் கடைக்காரர் மகளாக இருக்க முடியாது. பஸ்லினா திரையைப் பார்த்து உச்சுக்கொட்டினாள்.

"தொறக்கலாம் சேர். ஆனா இத்தின அட்மின் ஈந்தா, நான் தொறக்கத் தொறக்க இன்னொருத்தர் பூட்டுவாங்க. முதல்ல அதுக்கு ஒரு வழி பாக்கணும்."

இடைவேளைக்கு ஆசிரியர்கள் கூடிவிட்டார்கள். உடற்கல்வி அம்ஜத் சேர்தான் முதலில் பாய்ந்தார்.

"அப்ப எங்கள வெளிய போடப் போறீங்களா?"

"வெளிய இல்ல சேர், மேல. 'உயர் ஆலோசனைக் குழு' என்டு புதுசா ஒண்டு. ஒங்கட பேருக்குப் பக்கத்துல தங்கக் கலர்ல நட்சத்திரம் வரும்."

"அதுல எனத்த செய்யலாம்?"

"ஒங்கட ஃபோல்டர நீங்க பாக்கலாம்."

"அவ்வளவுதானா? அட்மின்ல எல்லாத்தயும் பாக்கலாமே!"

"ஓ, பாக்கலாம் சேர். ஒங்கட ஃபோல்டரயும் எல்லாரும் பாக்கலாம். 'நிலவே நீ எங்கே' என்டு ஒரு கவித ஈக்குதே, நீங்க எழுதினதா?"

மனையியல் ஆசிரியை வாயைப் பொத்திக்கொண்டார். அம்ஜத் சேரின் காது சிவந்தது.

"டீச்சர், அந்தக் குழுவுல மொதல்ல என்ட பேரப் போடுங்க!"

பிறகு நெரிசல். தங்கள் ஃபோல்டரில் என்னென்ன இருக்கின்றன என்று ஒவ்வொருவருக்கும் சட்டென்று நினைவு வந்திருக்கவேண்டும். ஹுதைபா சேர் மட்டும் சிறிது நேரம் பேரம் பேசினார்.

"என்ட நட்சத்திரம் மத்தவங்கட விடக் கொஞ்சம் பெரிசா வருமா?"

"ஒங்களுக்காக வரும் சேர்."

அட்மின் குழுவில் பஸ்லினா ஒருத்தி மிஞ்சினாள். ஃபோல்டரின் தடையை எடுத்தாள். படம் போட்டிக்குப் போய்ச் சேர்ந்தது. றம்லத் கூவிய கூவலில் பக்கத்து வகுப்பும் எழுந்து வந்துவிட்டது. எல்லோருமாகச் சுவரில் படத்தைப் போட்டுப் பார்த்தார்கள். கடைசிக் காட்சியில் தாட்டான் குரங்கொன்று பிரதி அதிபரின் புரியாணிப் பார்சலைத் தூக்கிக்கொண்டு கூரையில் ஏறியது. எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரித்தவர் ஹுதைபா சேர்தான்.

சிரிப்பு அடங்கியபின் அதிபர் ரபீகா மெல்ல அருகில் வந்தார்.

"டீச்சர், அட்மின் எனக்குத் திரும்ப வேணும்தானே? நான் அதிபர்."

"ரெண்டு நட்சத்திரம் தாறன் மேடம்."

அதிபர் வாசலைப் பார்த்தார். யாரும் கவனிக்கவில்லை.

"மூண்டு."

"சரி, மூண்டு."